ஆயா விரல் வைத்த வரி

அனுப்புநர்:
வீ. தில்லையம்மாள் (வயது 69),
க/பெ. மறைந்த வீரபாகு,
பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: ஆங்கில ஆசிரியை திருமதி சுகாசினி அவர்கள் மீது நான் கொடுத்த புகார் பொய் என்று நானே தெரிவித்து, அந்தப் புகாரை என் மீது திருப்பிக்கொண்டு, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன் அவரை அதே பள்ளிக்குத் திரும்ப அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 27.01.2025 திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நான் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 24.01.2025 வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு, எங்கள் பேட்டை அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு பெற்றோர் கூட்டம் நடந்த அறையில் இருந்தவர்கள் பின்வருமாறு: தலைமை ஆசிரியர் திரு. பஞ்சாட்சரம், மேசைக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. ஆங்கில ஆசிரியை திருமதி சுகாசினி, பச்சைப் பருத்திச் சேலை, கையில் விடைத்தாள் கட்டு. என் மகன் ஜெயக்குமார், தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்தவன். என் பேத்தி கீர்த்தி. அவளோடு படிக்கும் அபி. அபியின் அம்மா ஏலவார்குழலி. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் கண்ணாயிரம், எங்கள் தெருவிலேயே ஏழு வீடு தள்ளி இருப்பவர். அவர் மகள் காதுகுத்துக்கு எங்களை அழைக்காத காரணத்தால் ஒன்பது வருஷமாக அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எட்டாவது ஆள் நான்.

அன்றைக்கு நான் பேசியதை இவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கீழே நான் எழுதுவதில் தங்களுக்குச் சந்தேகம் வந்தால் இவர்களில் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கலாம். அதற்காகவே பெயர்களை முதலில் எழுதினேன்.

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். ஆங்கில எழுத்து இருபத்தாறும் முழுதாகத் தெரியாது. ஆனால் எனக்கு ஞாபகம் அதிகம். ஒரு முறை பார்த்த உருவத்தை மறக்க மாட்டேன், ஒரு முறை கேட்ட பேச்சையும் மறக்க மாட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மனுவை என் கையாலேயே எழுத வேண்டும் என்று முடிவு செய்ததற்குக் காரணம் ஆறாவது பத்தியில் வருகிறது.

2. ஆங்கிலப் பரீட்சையில் ஒரு பகுதி உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் முன்பு பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுப்பார்கள். அதைப் படித்து, கீழே உள்ள கேள்விகளுக்குப் பத்தியிலிருந்தே விடை எழுத வேண்டும். கீர்த்திக்கு அது வரவில்லை என்று போன ஜூலை மாதம் அழுதாள். என் மகனுக்கும் மருமகளுக்கும் தறியை விட்டு எழுந்திருக்க நேரம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவைத் தறியில் ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையை முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. நாற்பத்தைந்து வருஷமாக அந்த வேலையைச் செய்கிறேன். நெய்யப்போகும் சேலையில் மயில் வருமா மாங்காய் வருமா என்று இணைப்பவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த முனைக்கு அந்த முனை, அவ்வளவுதான். அந்தப் புத்தியில் நான் கீர்த்திக்கு வழி கண்டுபிடித்தேன். கேள்வியில் இருக்கும் ஒரு பெரிய சொல்லின் உருவத்தைப் பார்ப்பேன். அதே உருவம் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி விரல் வைப்பேன். அந்த வரியை அவள் அப்படியே பார்த்து எழுதுவாள். பயிற்சிப் புத்தகத்தின் முதல் பத்துப் பதினைந்து பத்திகளுக்கு இது சரியாகவே வந்தது. அதே வழியில் தானே தேடி எழுதி மாதத் தேர்வில் ஐந்துக்கு ஐந்து வாங்கினாள். இங்கிலீஷ் தெரியாமலே இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். அபியின் அம்மா ஏலவார்குழலி, அவள் பெண்ணுக்கும் சேர்த்துச் சொல்லித்தரக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று கொஞ்சம் கிராக்கி செய்துகொண்டேன். அந்தப் பிள்ளையாவது தப்பித்தது.

3. தீபாவளி கழிந்த மறு திங்கட்கிழமை சாயங்காலம், நவம்பர் நான்காம் தேதி, நான் விரலை வைத்தபோது கீர்த்தி எழுதாமல் என் முகத்தைப் பார்த்தாள். "ஆயா, இந்தக் கதையில இன்னா நடக்குதுன்னு ஒனக்கு சொல்லட்டா?" என்று கேட்டாள். கதை கேட்கவா இங்கே உட்கார்ந்திருக்கிறேன், வரியைப் பார்த்து எழுது என்று சொன்னேன். அவள் எழுதினாள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

4. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஆங்கிலத் தேர்வு முடிந்து வந்ததும் வினாத்தாளை வாங்கி நானும் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓடக்காரரைப் பற்றிய பத்தி. ஓடக்காரர் அன்று ஏன் ஓடம் விடவில்லை என்பது முதல் கேள்வி என்று இப்போது அறிவேன், அப்போது அறியேன். ஓடக்காரர் என்ற சொல்லும் ஓடம் என்ற சொல்லும் சேர்ந்து இருந்த வரியில் விரல் வைத்தேன். தேர்வில் எழுதியதாகக் கீர்த்தி காட்டியதும் அதே வரி. ஐந்து கேள்விக்கும் அவள் எழுதியதும் என் விரலும் ஒன்றாக இருந்தது. ஐந்துக்கு ஐந்து என்று சொல்லி அன்றைக்கு நெய் விட்டுக் கேசரி கிண்டினேன். கீர்த்தி ஒரு வாய் சாப்பிட்டு, வயிறு சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

விடைத்தாளில் அந்தப் பகுதிக்குப் பூஜ்யம் வந்தது.

5. 24ஆம் தேதி கூட்டத்தில் ஆசிரியை சுகாசினி அவர்கள் அந்த விடைத்தாளை எங்கள் முன் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. என் பேத்தியைத் திட்டவில்லை. அவளைப் பார்த்து, இந்தப் பத்தியில் என்ன நடந்தது, தமிழிலேயே சொல் என்று கேட்டார். கீர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். பேசவில்லை. பிறகு ஆசிரியை என் பக்கம் திரும்பி, ஆயாவோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார்.

ஐயா, அந்த ஐந்து நிமிடத்தை நான் கொடுத்திருந்தால் இந்த மனு இல்லை. தனியாக என்ன பேச்சு, நான் படிக்காதவள் என்பதைச் சொல்லிக்காட்டவா, எதுவானாலும் எல்லோர் முன்னாலும் சொல்லட்டும் என்று சத்தம் போட்டேன். அப்போதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. விடைத்தாளில் முதல் விடையைத் தொட்டு இப்படிச் சொன்னார்:

"ஆயா, அந்த ஓடக்காரரோட பொண்ணு ஆத்துல போயிடுச்சு. அதான் அன்னைக்கு அவரு ஓடம் விடல. கீர்த்தி என்ன எழுதியிருக்கான்னா, ஓடக்காரர் தினமும் சந்தோஷமா ஓடம் விட்டார்னு எழுதியிருக்கா."

அபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தைதானே, சிரிப்பாள். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. பிள்ளைக்குப் பாடம் நடத்தத் துப்பில்லாமல் வீட்டின் மேல் பழி போடுகிறாயா என்று கேட்டேன். அதோடு நிற்கவில்லை. அவர் ஓரிக்கையில் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதைச் சொல்லி, அவருடைய பிறப்பைச் சொல்லி, ஒரு வார்த்தை சொன்னேன்.

அந்த வார்த்தையை இங்கே எழுத முயன்றேன். இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். அதை எழுதாததற்குக் காரணம் மறைப்பதல்ல. அது இன்னொரு காகிதத்திலும் இருக்கக் கூடாது என்பதே. தாங்கள் நேரில் கேட்டால் சொல்வேன்.

தலைமை ஆசிரியர் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். கண்ணாயிரம் தரையைப் பார்த்தார். என் மகன், அம்மா வா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தான். ஆசிரியை விடைத்தாள்களை ஒழுங்காக அடுக்கி, நூல் கட்டி, அடுத்த பெற்றோரை வரச் சொன்னார். அந்த நூலை அவர் இரண்டு முறை அவிழ்த்துக் கட்டியதை நான் பார்த்தேன். எனக்கு ஞாபகம் அதிகம் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

6. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகம் போனேன். வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவரிடம் எழுதி வாங்கினேன். பார்வையில் கண்ட மனு அதுவே. அதில் உள்ளவற்றை இப்போது ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்கிறேன்.

ஆசிரியை வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அதில் இருக்கிறது. பொய். நல்லா பலமா இருக்கும், சேர்க்கட்டுமா என்று எழுதுபவர் கேட்டார். நான் தலையாட்டினேன். என் பேத்தியைப் பலர் முன்னிலையில் கேவலப்படுத்தி அடிக்கக் கை ஓங்கினார் என்று இருக்கிறது. அதுவும் பொய். அவர் கை விடைத்தாளைத் தொட்டது, வேறு எதையும் தொடவில்லை. நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் என்றால் அவருக்கு இளக்காரம் என்று இருக்கிறது. இதை எழுதுபவர் சொல்லவில்லை. நானே சொல்லி எழுதச் சொன்னேன். யாருக்கு யார் மேல் இளக்காரம் என்பதை அந்த அறையில் இருந்த ஏழு பேரும் அறிவார்கள்.

நான் சொன்ன அந்த வார்த்தை மட்டும் அந்த மனுவில் இல்லை.

7. 05.02.2025 அன்று தங்கள் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். என் பேத்தியின் வாக்குமூலத்தை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். கையெழுத்துப் போடச் சொன்னபோது, "ஆயா, மிஸ் அடிக்க வரலையே" என்று மட்டும் சொன்னாள். போடு என்றேன். போட்டாள். பதினைந்து வயதுப் பெண்ணின் கையெழுத்து அது. அதை நான் வாங்கிய விதத்தைத் தாங்கள் கருத்தில் கொண்டு, அந்தத் தாளில் கீர்த்திக்குப் பொறுப்பு இல்லை என்று பதிவு செய்ய வேண்டுகிறேன்.

ஆசிரியை தன் விளக்கத்தில் என்ன எழுதினார் என்பதைத் தலைமை ஆசிரியர் எனக்குப் பின்னர் சொன்னார். மாணவிக்குப் படித்துப் புரிந்துகொள்வதில் இன்னும் பயிற்சி தேவை, அதற்குத் தான் இன்னும் முயன்றிருக்க வேண்டும் என்று எழுதினாராம். நான் விரல் வைத்தது பற்றி ஒரு வரி இல்லை. நான் சொன்ன வார்த்தை பற்றியும் ஒரு எழுத்து இல்லை. அந்த வார்த்தைக்கு அவர் காவல் நிலையம் போயிருக்கலாம் என்றும், போயிருந்தால் நான் பதில் சொல்ல வேண்டிய சட்டம் இருக்கிறது என்றும் என் மகன் சொன்னான். அவர் போகவில்லை.

07.02.2025 அன்று அவரைத் திருமுக்கூடல் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்பி உத்தரவு வந்தது. அன்று மாலை நான் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

8. அன்றிலிருந்து கீர்த்தி என் பக்கத்தில் உட்காருவதில்லை. சண்டை போடவில்லை. கூப்பிட்டால் வருகிறாள், தண்ணீர் கேட்டால் கொடுக்கிறாள். ஆனால் பிறந்ததிலிருந்து என்னை "நீ" என்று பேசியவள், இப்போது "நீங்க" என்கிறாள். "சாப்டீங்களா ஆயா", "மாத்திரை போட்டுக்குனீங்களா ஆயா". வெளியார் பார்த்தால் மரியாதை தெரிந்த பிள்ளை என்பார்கள். அந்த மரியாதை எனக்கு அடி மாதிரி விழுகிறது.

12.02.2025 அன்று அலமாரியைத் துடைக்கும்போது, அவளுடைய ஆங்கிலப் பயிற்சி நோட்டு விழுந்தது. ஆங்கிலம் எனக்கு வேண்டியதில்லை என்று மூடப்போனேன். சிவப்பு மையில் தமிழ் இருந்தது. படித்தேன்.

ஒவ்வொரு விடையின் கீழும் ஆசிரியை, இந்த வரியை ஏன் எழுதினாய், தமிழில் ஒரு வரி எழுது என்று கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் மாதம் கீர்த்தி எழுதிய பதில்: "தெரியல மிஸ். ஆயா விரல் வெச்ச எடம்." அடுத்த பக்கம்: "ஆயா விரல் வெச்ச எடம்." அதற்கடுத்த பக்கமும் அதேதான். பதினோரு இடத்தில் இருக்கிறது, எண்ணினேன். நவம்பர் நான்காம் தேதி போட்டு ஆசிரியை எழுதியது: "ஆயா உன்னோடு உட்காருவது நல்லது. அவரை நிறுத்தச் சொல்லாதே. இன்று கதையை அவருக்கு நீ தமிழில் சொல். அவருக்குப் புரியும்படி சொன்னால் உனக்கும் புரிந்துவிடும்." மறுநாள் தேதியில்: "சொன்னாயா?" அதன் கீழே என் பேத்தி எழுதியது:

"ஆயாவுக்கு நேரம் இல்ல மிஸ்."

ஆக, அவருக்கு எல்லாம் தெரியும். ஜூலையிலிருந்து பிள்ளையைக் கெடுத்தது யார் என்று தெரியும். கூட்டத்தில் கீர்த்தி வாய் திறக்காததற்குக் காரணமும் அவருக்குத் தெரியும், அவள் பேசியிருந்தால் என் விரலைத்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரு சொல் கூடப் பேசிவைத்துக்கொள்ளாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் அந்த அறையில் வைத்து அவமானப்படுத்தினேன்.

நோட்டில் எழுதியிருந்த கடைசிப் பக்கம் பிப்ரவரி ஆறாம் தேதி. விசாரணை நடந்த மறுநாள், உத்தரவு வருவதற்கு முதல் நாள். அதில் கீர்த்தி ஓடக்காரர் கதையை முழுவதும் தமிழில், தன் சொந்த வார்த்தையில் எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் கதை எனக்கே முழுதாகத் தெரிந்தது. அந்த மனிதர் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தினமும் அக்கரையில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர். தன் பெண் போன பிறகு ஒரு நாள் மட்டும் ஓடம் விடவில்லை. மறுநாள் வந்து துடுப்பை எடுத்தார். ஒரு சாவைப் படித்துவிட்டு நான் கேசரி கிண்டியிருக்கிறேன். கீர்த்திக்கு வயிறு ஏன் சரியில்லாமல் போயிற்று என்று இப்போது யோசிக்கிறேன். அவளுக்கு அன்றைக்கே பாதி புரிந்திருக்குமோ என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தப் பக்கத்தின் கீழே சிவப்பு மையில்: "சரி. இதுதான் படிப்பது. இனி ஆங்கிலத்தில் எழுதுவது சுலபம், நாளை தொடங்கலாம்."

அந்த நாளை வரவில்லை. நான் வர விடவில்லை.

9. 16.02.2025 ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கைக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். ஆசிரியையை அவர் வீட்டில் நேரில் பார்த்துக் காலில் விழுவதாக எண்ணம். தெருமுனையில் இறங்கினேன். எந்தத் தெருவின் பெயரை ஏசலாகச் சொன்னேனோ, அந்தத் தெருவின் பெயர் பலகை எனக்கு நேரே இருந்தது. அதற்கு மேல் கால் எடுத்து வைக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முதல் வீட்டிலிருந்து என் வயதில் ஒரு அம்மா வந்து, "வெயில்ல நிக்கறியேம்மா, உள்ள வந்து உக்காரு" என்றார். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று சொன்னேன். அங்கே பஸ் நிற்காது. அது அந்த அம்மாவுக்கும் தெரியும். ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் உட்காரவில்லை. அடுத்த ஆட்டோவில் திரும்பிவிட்டேன். அந்த நாற்காலியை நான் மடித்துக்கூட வைக்கவில்லை என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

10. ஐயா, ஆங்கிலப் பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரமே இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு இப்போது ஆங்கிலத்துக்கு ஆள் இல்லை. அந்தப் பாட வேளையில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோர் யாருக்கும் இது என்னால் வந்தது என்று தெரியாது. கீர்த்தி தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியாகப் படிக்கிறாள். தன் விரலை வைக்கிறாள், எடுக்கிறாள், மறுபடி வைக்கிறாள். சரியா என்று கேட்க ஆள் இல்லை. நான் அடுத்த அறையில் இருக்கிறேன்.

ஆகவே தங்கள் சமூகத்தைப் பணிவோடு வேண்டிக்கொள்வது:

பார்வையில் கண்ட என் மனு முழுதும் பொய் என்று தள்ளுபடி செய்ய வேண்டும். ஆசிரியை சுகாசினி அவர்களைத் தேர்வுக்கு முன் இதே பள்ளிக்குத் திரும்ப அழைக்க வேண்டும். அவருடைய பணிப்பதிவேட்டில் என் புகாரால் ஒரு வரி ஏறியிருந்தாலும் அதை நீக்க வேண்டும். பொய்ப் புகார் கொடுத்ததற்கும், ஐந்தாவது பத்தியில் கண்ட வார்த்தைக்கும் என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் நான் உடன்படுகிறேன். வயதைக் காரணம் காட்ட மாட்டேன். கடைசியாக, அந்த அறையில் அன்று இருந்த அத்தனை பேரையும் மறுபடி வரவழைத்து, இந்த மனுவை அவர்கள் முன்னால் உரக்கப் படிக்க உத்தரவிட வேண்டும். நான் நின்றுகொண்டு கேட்பேன். ஆசிரியைக்கு அந்த அறைக்குள் என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றால் வாசலில் நின்று கேட்பேன்.

இந்த மனுவுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று இன்று காலை கண்ணாயிரத்தின் வீட்டுக்குப் போனேன். "ஏழு வீடு தாண்ட ஒன்பது வருஷம் ஆச்சா அண்ணி?" என்றார். முழுதும் படித்தார். படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் மீது எனக்கு இருந்த வருத்தம் இன்றோடு தீர்ந்தது. நான் பேசியபோது தடுக்காத தலைமை ஆசிரியர் மீதும், பொய் சேர்க்கட்டுமா என்று கேட்ட மனு எழுதுபவர் மீதும், சிரித்த அபி மீதும் எனக்கு ஒன்றும் இல்லை. என் பேத்தி மீதும் ஆசிரியை மீதும் இருப்பதற்கு எதுவுமே இல்லை. அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை, கேட்கவும் இல்லை.

நான் எதையும் மறப்பவள் அல்ல என்று ஊருக்குத் தெரியும். இந்த விஷயத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் உயிர் உள்ளவரை மன்னிப்பதாக இல்லை. அந்தப் பெயரையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 20.02.2025

சாட்சி: (ஒப்பம்) கண்ணாயிரம்

இப்படிக்கு, அந்த ஆள்,
(ஒப்பம்) வீ. தில்லையம்மாள்